ஆடு தின்ற குழை

என் வேலை சுலபமானது என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். இலங்கைக்குப் போய், தர்சினியோடு ஒரு வாரம் சுற்றி, அவளுடைய சிறுவயதைப் பற்றி ஓர் அத்தியாயத்துக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான். தர்சினி இருப்பது கனடாவில். காட்டில் வழி தவறியவர்கள் எப்படி உயிர் பிழைப்பது என்று பயிற்சி கொடுப்பது அவள் தொழில். தமிழில் அவள் போடும் காணொளிகளை எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரர்கூடப் பார்க்கிறார். தண்ணீர் தேடுவது, நெருப்பு மூட்டுவது, உதவி கேட்டுச் சத்தம் எழுப்புவது என்று அவள் சொல்லச் சொல்லப் புத்தகத்தை எழுதியது நான். மாம்பலத்தில் மூன்றாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யானை எதிர்ப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் அத்தியாயம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வன்னிக் காடுதான் அக்கா எனக்கு எல்லாம் படிப்பிச்சது." காணொளியில் இது எடுபடும். அதை வைத்து ஓர் அத்தியாயம் எழுத முடியாது. காடு யாரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் அவளே சலித்துப்போய், "நான் ஊருக்குப் போறன். வந்து உங்கட கண்ணால பாருங்கோ" என்றாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நீங்க வாங்க எல்லாம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் இங்கேயும் அவளை அவள் என்றே எழுதுகிறேன்.

முதல் இரவு வவுனியா நெளுக்குளத்தில், அவளுடைய தோழி வீட்டில் தங்கினோம். காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சொதி என்பது தேங்காய்ப் பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட நீர்த்த குழம்பு. நம் ஊர் இடியாப்பத்தை இவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். இங்கே அது அவ்வளவு மெல்லிசு, தட்டுக் கணக்காக உள்ளே போகிறது. காபி கேட்டேன். இஞ்சி போட்ட வெறும் தேநீர் வந்தது. அவர்கள் அதைப் பிளேன்டி என்கிறார்கள். முதல் வாயில் முகம் சுளித்துவிட்டு, பிறகு இரண்டாவது குவளை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

முல்லைத்தீவுப் பக்கம் போகிற பேருந்தில் ஏறினோம். சன்னல் ஓர இடம் கிடைத்ததும் தர்சினி பேச ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டுக் கேட்டு வாங்கியது இவ்வளவுதான். அவளுடைய தாத்தா காலத்தில் குடும்பம் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தது. இனக் கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு இறங்கி, காட்டோரத்தில் நிலம் வெட்டிக் குடியேறியவர்கள். அப்பா அம்மா இப்போது இல்லை. அண்ணன் சிவநேசன் அதே இடத்தில் இருக்கிறார். அவளைவிட ஆறு வயது மூத்தவர்.

"அண்ணன் எப்படி இருப்பார்?"

"கனக்கக் கதைக்க மாட்டார்."

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எந்தச் சிறுவயதை எழுதுவது?

பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். ஆனி மாத வெயில் சென்னை வெயிலைப் போல வேர்க்கவைக்கவில்லை, வறுத்தது. அடுத்திருந்த அம்மா ஒருவர் வறுத்த கச்சானைக் கைநிறையக் கொடுத்தார். வேர்க்கடலைதான். ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே டயரை மாற்றினார்கள். அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. "அண்ணை சந்தியில காத்துக்கொண்டு நிப்பார், பாவம்" என்று தர்சினி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அண்ணன் சந்தியில் இல்லை.

மருதமோட்டைச் சந்தி என்பது ஒரு தேநீர்க் கடையும் ஒரு பெயர்ப் பலகையும்தான். கடைக்காரர் அவரைப் பார்க்கவில்லை என்றார். கைப்பேசியில் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனையோ வருடம் கழித்துத் தங்கை வருகிறாள், ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வர முடியாதா? தர்சினி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அண்ணனின் பக்கத்து வீட்டுப் பெருமாள் தன் லாண்ட்மாஸ்டரில் அந்த வழியாக வந்தார். கையால் உழும் சின்ன டிராக்டரின் பின்னால் ஒரு பெட்டி வண்டியை மாட்டினால் அதுதான் லாண்ட்மாஸ்டர். அதில் ஏறி வந்தவர்களுக்குத் தங்கள் உடம்பில் எத்தனை எலும்பு என்று தெரிந்துவிடும்.

"சிவம் நாயாத்துக்குப் போயிருப்பான். தங்கச்சி வாறாள், நல்ல மீன் வாங்கோணும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்" என்றார் பெருமாள். நாயாறு கடலோரத்தில் வாடிகள், அதாவது மீனவர்கள் தங்கும் கொட்டகைகள், இருக்கிற இடம். தர்சினி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டு வாசலில் அண்ணனின் மனைவி மல்லிகா மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றார். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவர் உங்களோட வரேல்லையா?"

"நாயாத்துக்குப் போனவரில்லையா அண்ணி?"

"அப்பிடித்தான் நானும் நினைச்சனான்."

அவர் சொன்னது இது. முந்தின நாள் காலையில் சிவநேசன் பாலைப்பழம் பறிக்கக் காட்டுக்குப் போனார். மஞ்சளாக, திராட்சையைவிடச் சின்னதாக, பால் ஒட்டும் இனிப்புப் பழம். தர்சினிக்குப் பிடிக்கும். சாயங்காலமும் அவர் வீடு வரவில்லை. மல்லிகா காட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே குழை இல்லை. சரி, காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார், அப்படியே நாயாற்றுக்கு மீனுக்குப் போயிருக்கிறார், நண்பர்களோடு வாடியில் தங்கிவிட்டு வருவார் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

குழை என்றால் இலையோடு ஒடித்த சின்னக் கிளை. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு குழையை ஒடித்து ஐயனாருக்கென்று மரத்தில் தொங்கவிட்டுப் போவது வன்னியில் எல்லா இடத்திலும் உண்டு. மருதமோட்டைக்காரர்கள் அதோடு நிற்பதில்லை. திரும்பி வரும்போது அவரவர் குழையை எடுத்து ஐயனார் கல்லுக்கு முன்னால் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மரத்தில் குழை தொங்கினால் ஆள் உள்ளே. இல்லையென்றால் வெளியே. ஊர் முழுக்க நம்பும் கணக்கு இது. கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடத்தில் நல்ல ஏற்பாடுதான் என்று எனக்கும் தோன்றியது.

தர்சினி மல்லிகாவின் கைப்பேசியை வாங்கி நாயாற்று வாடிக்குப் பேசினாள். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "சிவமோ? இஞ்ச வரேல்லையே பிள்ளை."

காட்டு வாசலுக்கு ஓடினோம். நான் ஓடினேன் என்பதை என் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில் பெரிய வீரை மரம். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல், சுற்றிக் காய்ந்த குழைகள். மற்றவர்கள் குழையை உயரக் கிளையில் மாட்டுவார்களாம். சிவநேசனுக்கு வலது தோளில் பீரங்கிச் செல் துண்டு பாய்ந்த காயம், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அதனால் அவர் மட்டும் எப்போதும் கீழ்க் கிளையில்தான் மாட்டுவார். அந்தக் கிளையில் ஒன்றும் இல்லை. தர்சினி குனிந்து தரையைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, இலையே இல்லாமல், பட்டை உரிந்து, பல்தடத்தோடு ஒரு கவட்டைக் குச்சி கிடந்தது. பக்கத்தில் புழுக்கைகள்.

"ஆடு" என்றாள்.

மல்லிகா அந்தக் குச்சியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்கட ஆடுதான். நேத்துக் கயிறு அறுத்துக்கொண்டு போனது." அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "கடவுளே, குழை இல்லையெண்டு நான் நித்திரை கொண்டிட்டன்."

அன்று இருட்டும்வரை தேடினார்கள். பெருமாள் போய்ச் சொன்னதில் ஊர் ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். பக்கத்து முகாமிலிருந்து சில ராணுவ வீரர்களும் கையில் விளக்கோடு வந்தார்கள். கோயில் ஒலிபெருக்கியைக் கழற்றி லாண்ட்மாஸ்டரில் கட்டி, "சிவநேசன்! சிவநேசன்!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஒரு பதிலும் இல்லை. யானை நடமாட்டம் தொடங்கும் நேரம் என்று திரும்பி வந்தார்கள். மல்லிகா எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

காலையில் நான் எழுந்து வந்தபோது முற்றத்தில் வேறு ஒரு தர்சினி நின்றுகொண்டிருந்தாள். காணொளிகளில் பார்க்கிற தர்சினி. மண்ணில் குச்சியால் காட்டின் படம் கீறி, வந்திருந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விசில். மூன்று தரம் ஊதிவிட்டு நின்று காது கொடுக்க வேண்டும். அடிபட்டுக் கிடக்கிற ஆள் சத்தத்துக்குப் பதில் கொடுப்பார், ஏதாவது ஒன்றைத் தட்டியாவது காட்டுவார் என்றாள். எட்டாம் அத்தியாயம். வரிக்கு வரி எனக்கு மனப்பாடம்.

"கண்ணிவெடி எடுத்து முடிக்காத துண்டு ஒண்டு அங்கால கிடக்கு. மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது" என்றார் பெருமாள்.

"அண்ணை தாண்டியிருந்தா?"

"தாண்டியிருந்தா முந்தநாளே சத்தம் கேட்டிருக்கும் பிள்ளை." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் போனேன். வீட்டில் இருக்கச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை. வன்னிக் காடு நான் மனதில் வைத்திருந்த காடு இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு போல ஈரமோ குளிரோ கிடையாது. பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கின்றன. இடையில் எல்லாம் முள்தான். இரண்டு எட்டு வைத்தால் வந்த பாதை மறைந்துவிடுகிறது. சூரை முள் என் சேலையைப் பிடித்தால் விடுவதில்லை, நான் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் போத்தலை அரைமணிக்குள் காலி செய்துவிட்டேன். பிறகுதான் அந்த மனிதர் எப்போதிலிருந்து தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

முற்பகலில் ஒரு குழு பாலை மரம் ஒன்றைக் கண்டுபிடித்தது. கிளைகள் புதிதாக வெட்டப்பட்டுக் கிடந்தன. பழங்கள் தரையில் சிதறியிருந்தன. அவர் இங்கே வந்திருக்கிறார். அதற்குப் பிறகு தரை கல்லாக இறுகியிருந்ததால் காலடி ஒன்றும் தெரியவில்லை. ஒலிபெருக்கி கூப்பிட்டது. விசில்கள் ஊதின. மந்திகள் கிளைக்குக் கிளை தாவி ஓடின. நின்று கேட்டால் சில்வண்டுச் சத்தம் மட்டும்தான்.

"இது கனடா இல்லை பிள்ளை" என்றார் பெருமாள், நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவள் குழுக்களை மாற்றியபோது. "விசில் ஊதி ஊதி எல்லாற்ற வாயும் வறண்டு போச்சு."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. என்ன செய்யோணும்?"

மத்தியானம் அந்தப் பாலை மரத்தடிக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். வீரர்கள் முகாமிலிருந்து சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு. நல்ல வாசனை. பசித்த வயிற்றோடு பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, தர்சினியைப் பார்த்ததும் மடித்துவைத்தேன். அவள் நேற்று மதியத்திலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வாயில் வைத்துக்கொண்ட விசிலை எடுக்காமல் மரங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் இந்தக் காட்டுலதானே இருந்தீங்க?" என்று கேட்டேன். "எங்கெல்லாம் போவீங்கன்னு யோசிச்சுப் பாரேன்."

"அக்கா, புத்தகத்தைப் பிறகு எழுதலாம்" என்று விசிலை எடுத்துவிட்டு வெடுக்கென்று சொன்னாள். நான் புத்தகத்துக்காகக் கேட்கவில்லை. ஆனால் அவள் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

அப்போதுதான் இளம் வீரர் ஒருவர் மல்லிகாவிடம் ஏதோ சொன்னார். மல்லிகா கல்யாணத்துக்கு முன்பு வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் சிங்களப் பெண்களோடு வேலை செய்தவர், சிங்களம் நன்றாக வரும். அவர் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: "நேத்துப் பின்னேரம் பழைய பங்கர் இருக்கிற பக்கம் ஆரோ இருமின மாதிரிக் கேட்டதாம். இந்தத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டவராம். கூப்பிட்ட உடன நிண்டு போச்சாம். அந்தப் பக்கம் முழுக்க லைட் அடிச்சுப் பாத்தவை. ஒருத்தரும் இல்லையாம்."

"அது மந்தியா இருக்கும்" என்றார் பெருமாள். "மந்தி இருமும், சிரிக்கும், எல்லாம் செய்யும்."

"கூப்பிட்ட உடன நிண்டதா?" தர்சினியின் கையிலிருந்து விசில் விழுந்தது. "அண்ணி, வடிவாக் கேளுங்கோ. பேரைச் சொன்ன உடனயா நிண்டது?"

மல்லிகா கேட்டார். வீரர் தலையாட்டினார்.

தர்சினி என் கையைப் பிடித்தாள். எனக்குச் சொன்னாளா, எல்லோருக்கும் சொன்னாளா தெரியாது. கடகடவென்று வந்தது. "செல்லடியில ஓடேக்க அம்மா அப்பாவைத் தவற விட்டிட்டம். மாரி முழுக்க நானும் அண்ணையும் இந்தக் காட்டுக்குள்ளதான். எனக்கு எட்டு வயசு. அவருக்குப் பதினாலு. ஆக்கள் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவினம். ஆர் கூப்பிடினம், ஏன் கூப்பிடினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. அண்ணை என்ர வாயைப் பொத்திக்கொண்டு படுத்துக் கிடப்பார். ஆர் கூப்பிட்டாலும் மூச்சு விடாதை எண்டுவார். எங்கட அப்பாவே தேடி வந்து கூப்பிட்டவர் அக்கா. அந்தக் குரலையும் அண்ணை நம்பேல்லை. கூப்பிடக் கூப்பிட என்னை இழுத்துக்கொண்டு இன்னும் உள்ளுக்குப் போயிட்டார். பிறகு எவ்வளவோ நாள் கழிச்சுத்தான் அப்பாவைக் கண்டனாங்கள்."

அவள் விசிலைக் காலால் தள்ளினாள். "நான் உலகம் முழுக்கப் போய் என்ன படிப்பிக்கிறன்? சத்தம் போடு, விசில் ஊது எண்டு. என்னை உயிரோட வச்சிருந்தது அதில்லை. நாங்கள் நேத்துத் தொடங்கி அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒளிக்கப் பண்ணிக்கொண்டு நிக்கிறம்."

"அது அந்தக் காலம். இப்ப அவன் ஏன் ஒளிக்கிறான்?" என்றார் பெருமாள்.

பதில் மல்லிகாவிடமிருந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, வீட்டு விஷயத்தை ஊர் முன்னால் சொல்கிற கூச்சத்தோடு சொன்னார். "இருமினவரெண்டாக் காய்ச்சலாத்தான் இருக்கும். காய்ச்சல் வந்தா அவர் பழைய ஆளாப் போயிடுவார். கட்டிலுக்குக் கீழ போய்ப் படுப்பார். விளக்கை நூர்க்கச் சொல்லுவார், வெளிச்சம் கூடாதாம். நான் கூப்பிட்டாலும் பேச மாட்டார். விடிஞ்சா ஒண்டும் ஞாபகம் இராது."

தர்சினி எல்லோரையும் ரோட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னாள். ஒலிபெருக்கி, விசில், கதை எதுவும் கூடாது. ரோட்டில் வண்டியும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெருமாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இருட்டுவதற்கு இன்னும் ஒரு பின்னேரம்தான் மிச்சம், இத்தனை பேரையும் ரோட்டில் சும்மா உட்காரவைத்தால் நாளைக்குப் பிணத்தைத்தான் எடுக்க வேண்டிவரும் என்று கத்தினார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவளுக்கும் இருந்தது. "நான் பிழையெண்டா அண்ணை செத்துப்போவார். எனக்குத் தெரியும். போங்கோ" என்றாள். மல்லிகா வீரர்களுக்கு விளக்கினார். அவர்களில் மூத்தவர் தன் தண்ணீர்க் குடுவையைக் கழற்றி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

நாங்கள் மூன்று பெண்களும் பழைய பங்கர்ப் பக்கம் போனோம். சண்டைக் காலத்தில் ஆட்கள் பதுங்க வெட்டிய குழிகள். கூரை மரம் உளுத்து விழுந்து, மேலே கொடி மூடி, எது தரை எது பள்ளம் என்று தெரியவில்லை. தூரத்தில் சிவப்பாக ஒரு மண்டையோட்டுப் பலகை தெரிந்தது. தர்சினி ஒரு குச்சியால் முன்னால் குத்திக் குத்திப் போக, அவள் கால் வைத்த இடத்தில் மட்டும் நான் கால் வைத்தேன்.

நடுவில் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். "அண்ணை."

ஒன்றும் இல்லை.

"அண்ணை, நான் தர்சி. கனடாவில இருந்து வந்திருக்கிறன்."

சில்வண்டுகூட நிறுத்திக்கொண்டது போலிருந்தது. மல்லிகா கூப்பிட வாயெடுத்தார். தர்சினி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த பாடங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை, அது முகத்தில் தெரிந்தது. பிறகு அப்படியே தரையில் குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத, மூக்கால் சிணுங்குகிற ஒரு சின்னக் குரல் வந்தது.

"அண்ணை, எனக்குப் பசிக்குது."

மல்லிகாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"அண்ணை, பசிக்குது."

இடது பக்கம், ஈச்சம்புதருக்குப் பின்னால், மண்ணுக்குள்ளிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது. அதட்டலாக, அடங்கிய குரலில், பொறுமை இழந்த ஒரு பையனைப் போல.

"சத்தம் போடாதை. பொறு. வாறன்."

ஓடியது மல்லிகாதான். புதரைக் கையாலேயே பிய்த்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குதித்தார். காலையிலிருந்து ஒரு ஊரையே அதிகாரம் செய்த தர்சினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தாள். சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டார் அல்லவா. நான் எட்டிப் பார்த்தபோது சிவநேசன் பள்ளத்தின் சுவரில் முதுகை உரசி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அந்தக் காலோடு அவர் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்.